சீதக்காதி: பழமொழிக்கு முன்னால் வாழ்ந்த மனிதர்

கேள்வி: "செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று சொல்கிறோம். அப்படி ஒருவர் உண்மையில் வாழ்ந்தாரா? வள்ளல் என்பதைத் தவிர அவர் யார்? அள்ளி அள்ளிக் கொடுக்கும் அளவுக்கு அவருக்குச் செல்வம் எப்படி வந்தது?"

வாழ்ந்தார். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரையில் வாழ்ந்தார். செய்கு அப்துல் காதிர் என்பது இயற்பெயர். ஊரார் வாயிலும் புலவர் பாட்டிலும் புழங்கிச் சீதக்காதி ஆனார். கப்பல் வணிகம் செய்த மரைக்காயர் குடும்பத்தில் பிறந்தவர். கிழவன் சேதுபதி என்று பெயர்பெற்ற ராமநாதபுரம் மன்னர் ரகுநாத சேதுபதியின் அரசவையில் பெரும் செல்வாக்கோடு இருந்தவர். அவரை அந்த அரசரின் அமைச்சர் என்றே எழுதுவோரும் உண்டு. பெருஞ்செல்வர், அரசியல்வாதி, கொடையாளி என்று இன்று நாம் மூன்று ஆட்களைக் குறிக்கச் சொல்லும் சொற்கள் மூன்றும் அவர் ஒருவருக்கே பொருந்தும்.

பழமொழி அவரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அதே பழமொழி அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதியை மறைத்தும்விட்டது. புலவருக்கு மோதிரம் கொடுக்கக் கல்லறையிலிருந்து நீண்ட கை நமக்குத் தெரிகிறது. அந்தக் கை உயிரோடு இருந்தபோது எந்தக் கணக்கேடுகளைப் புரட்டியது, யாரோடு மல்லுக்கு நின்றது, எந்த அரசனுடைய கையைப் பிடித்திருந்தது என்பது தெரிவதில்லை. அவர் கொடுத்ததைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவர் சம்பாதித்த விதத்தையும், சம்பாதித்ததைக் காப்பாற்றிக்கொண்ட அரசியலையும் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதனால் செல்வத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ராமநாதபுரம் சீமை வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வரும் மழைதான் எல்லாம். அந்த மழையைக் கண்மாய்களில் தேக்கி வைத்துத்தான் ஒருபோக நெல் விளையும். வைகையும் மலையிலிருந்து வரும் வழியெல்லாம் கண்மாய் கண்மாயாக நிரப்பிவிட்டு, மிஞ்சியது ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேரும். கடலைத் தொடும் ஆண்டுகள் அரிது. நிலத்தை மட்டும் நம்பினால் இங்கே பெரிய செல்வம் எவருக்கும் சேராது. அரசனுக்கும் சேராது.

கடல் அப்படியில்லை. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை, இரண்டுக்கும் நடுவே பாம்பன். மன்னார் வளைகுடாவின் அடியில் முத்துச்சிப்பிப் படுகைகளும் சங்குப் படுகைகளும் இருந்தன. முத்து எல்லா ஆண்டும் விளையாது. பல ஆண்டுகள் தொடர்ந்து குளிப்பே நடக்காமல் போனதும் உண்டு. சங்குதான் நிலையான வரவு. இங்கே குளித்தெடுத்த சங்கு வங்காளத்துக்குப் போனது. அங்கே திருமணமான பெண்கள் அணியும் சங்கு வளையல் அதிலிருந்துதான் அறுக்கப்பட்டது. இந்தக் கரையின் தோணிகள் வங்காளத்துக்குச் சங்கும், இலங்கைக்கு அரிசியும் துணியும் கொண்டுபோயின. இலங்கையிலிருந்து பாக்கு வந்தது. மலையாளக் கரையிலிருந்து மிளகு வந்தது. மலாக்கா, அச்சே வரையில் மரைக்காயர்கள் போய்வந்தார்கள். வாடையில் ஒரு திசை, கச்சானில் மறுதிசை என்று காற்றைக் கணக்குப் பார்த்துப் பாய் விரிக்கும் வாழ்க்கை அது.

இதில் பாம்பன் கால்வாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆழமில்லாத, பாறைகள் நிறைந்த குறுகிய வழி. ஐரோப்பியரின் பெரிய கப்பல்கள் அதில் நுழைய முடியாது. அவை இலங்கையை முழுதாகச் சுற்றித்தான் போக வேண்டும். உள்ளூர்த் தோணிகள், வழி தெரிந்த கடலோடிகளின் துணையோடு, அதைக் கடந்துவிடும். அந்த வழிக்கும் அதன் சுங்கத்துக்கும் உரியவர் சேதுபதி. கீழக்கரை மரைக்காயர்களுக்கும் சேதுபதிகளுக்கும் இருந்த உறவின் அடிவேர் இங்கேதான் இருக்கிறது. அரசனுக்குப் பணம் தரும் வாயில்கள் ராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர்களும் துறைமுகங்களும். வணிகர்களுக்கு வேண்டியது, கடலில் துப்பாக்கியோடு திரியும் அந்நியர்களுக்கு எதிராக நிலத்தில் ஓர் அரண். ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட்டார்கள்.

அந்த அந்நியர்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் முத்துக்கரையில் நுழைந்தபோது அவர்களை எதிர்த்து நின்றவர்கள் முஸ்லிம் கடல் வணிகர்கள். 1538இல் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் நடந்த சண்டையில் மரைக்காயர் படை தோற்றது. இன்று ராமேசுவரம் போகும் பஸ் வேதாளையைக் கடக்கும்போது, அங்கே அப்படி ஒரு சண்டை நடந்ததை எத்தனை பேர் நினைப்பார்கள் என்று எனக்கு வருத்தமாக இருக்கும். அதற்கு நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 1658இல், டச்சுக்காரர்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் எல்லாவற்றையும் பிடித்தார்கள். கொழும்பு அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அவர்கள் கைக்கு வந்துவிட்டது. கீழக்கரையைச் சுற்றி நாலாபுறமும் டச்சுக் கோட்டைகள். எந்த உள்ளூர்க் கப்பலானாலும் அவர்களிடம் அனுமதிச்சீட்டு வாங்கித்தான் கடலில் போக வேண்டும் என்பது அவர்கள் சட்டம். இலவங்கப்பட்டை அவர்களுடையது, யானை அவர்களுடையது, பாக்கு அவர்களுடையது, முத்தும் சங்கும் தங்களுடையவை என்று உரிமை கொண்டாடினார்கள்.

சீதக்காதியின் காலம் இதுதான். அமைதியான கடலில் காசு சேர்த்தவர் அவர் அல்லர். உலகிலேயே பணபலமும் படைபலமும் மிகுந்த ஒரு வணிகக் கம்பெனியின் கோட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் தங்களுக்கே உரியது என்று சொன்ன சரக்குகளில் வணிகம் செய்த குடும்பம் அவருடையது.

இனி அரசியல். ரகுநாத சேதுபதி 1670களின் தொடக்கத்தில் பட்டத்துக்கு வந்து 1710 வரை ஆண்டவர். சேதுபதிகளின் தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றியவர். அங்கே கோட்டையும் ராமலிங்க விலாசம் அரண்மனையும் எழுப்பியவர். புதுக்கோட்டைப் பகுதியில் தன் மைத்துனர் ரகுநாதத் தொண்டைமானை அமர்த்தியவர். மதுரை நாயக்கர்களுக்கு அடங்கிய பாளையமாக இருந்த சீமையைத் தன்னுரிமை உள்ள அரசாக நிமிர்த்தி, ராணி மங்கம்மாளின் படையையும் 1702இல் தோற்கடித்தவர். இவ்வளவுக்கும் பணம் வேண்டும். கோட்டைக் கட்டுமானத்துக்கும் அரண்மனைக்கும் சீதக்காதி துணைநின்றார் என்று எங்கள் பக்கத்து மரபுச் செய்தி சொல்கிறது. வறண்ட சீமையின் நிலவரியில் மட்டும் கல்லும் சுண்ணாம்பும் வாங்கியிருக்க முடியாது என்பதால் அதை நான் நம்புகிறேன். தன் சொந்தப் பட்டப்பெயரையே சேர்த்து 'விஜய ரகுநாத பெரியதம்பி மரைக்காயர்' என்று சேதுபதி அவருக்குப் பட்டம் கொடுத்தார் என்பதும் பரவலாகச் சொல்லப்படுவது.

அவர் எவ்வளவு பெரிய அரசியல்வாதி என்பதற்கு, புகழ்ந்து பாடிய புலவர்களைவிட வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது. அது பகைவர்களின் சாட்சி. டச்சுக் கம்பெனியின் கடிதங்களிலும் குறிப்புகளிலும் பெரியதம்பி மரைக்காயர் என்ற பெயர் 1680களில் திரும்பத் திரும்ப வருகிறது. சேதுபதியின் துறைமுக வணிகம் முழுவதும் இவர் கையில் இருக்கிறது, அரிசியும் மிளகும் சங்கும் இவரைத் தாண்டி நமக்குக் கிடைப்பதில்லை, அரசரின் காதில் இவர் சொல்வதே ஏறுகிறது என்ற புலம்பல்தான் அவற்றின் சாரம். அது எவ்வளவு தூரம் போனது என்றால், சேதுபதியோடு அவர்கள் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையில், இந்த மரைக்காயருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் அரசுப் பதவி எதுவும் கொடுக்கக் கூடாது என்றே நிபந்தனை கேட்டார்கள். கோட்டையும் பீரங்கியும் வைத்திருந்த ஒரு கம்பெனி, ஒரு தனிமனிதனைப் பதவியிலிருந்து தள்ளி வைக்க உடன்படிக்கையில் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. இதற்கு மேல் அவருடைய அதிகாரத்துக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? அந்த நிபந்தனை காகிதத்தில் ஏறியது. மரைக்காயர்களின் செல்வாக்கோ அடுத்த தலைமுறையிலும் தொடர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். சீதக்காதியின் தந்தைக்கும் பெரியதம்பி மரைக்காயர் என்றே பெயர். அது ஒரு குடும்பப் பட்டம்போல் தலைமுறை கடந்து வழங்கியிருக்கிறது. அதனால் டச்சு ஏடுகளில் வருபவர் வள்ளல் சீதக்காதியேதான் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள்; தந்தையையோ குடும்பத்தில் மூத்த ஒருவரையோ அது குறிக்கிறது, வள்ளல் அடுத்த தலைமுறை என்று மறுசாரார் சொல்கிறார்கள். அவர் மறைந்த ஆண்டையும் சிலர் 1698 என்றும் சிலர் 1715 என்றும் குறிப்பதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். எப்படியிருந்தாலும் செல்வமும் செல்வாக்கும் பகையும் ஒரே குடும்பத்துக்கு உரியவை. சீதக்காதி என்ற மனிதர் நின்ற தளம் அதுதான்.

மரைக்காயரும் மறவர் குல மன்னரும் சேர்ந்து ஆண்டதை இன்று மேடைகளில் மத நல்லிணக்கம் என்று ஒரே சொல்லில் பேசி முடித்துவிடுகிறார்கள். நல்லிணக்கம் இருந்தது, அதில் ஐயமே இல்லை. ஏர்வாடி தர்காவுக்கு நிலம் விட்டவர்கள் சேதுபதிகள். ஆனால் அந்த நட்பு எவ்வளவு கடினமான அரசியலுக்கு நடுவே நின்றது என்பதை மறந்தால் அதன் மதிப்பையே குறைத்துவிடுவோம். இதே கிழவன் சேதுபதிதான் 1693 பிப்ரவரியில் ஓரியூரில் அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோவின் தலையை வெட்டச் செய்தவர். சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் கிறித்தவராகி, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியதும், விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி அரசரின் உறவுப்பெண் என்பதும், தடியத்தேவருக்கே அரசுரிமைக் கோரிக்கை இருந்ததும் அதன் பின்னணி. அந்த அரசவையில் மதமும் உறவும் அதிகாரமும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன. தவறான காலடி ஒன்று தலையை வாங்கிவிடும். அப்படிப்பட்ட அவையில் வேற்று மதத்தவராக, பெரும்பணக்காரராக இருந்துகொண்டு அரசரின் நம்பிக்கையை ஒருவர் ஆண்டுக்கணக்கில் இழக்காமல் இருந்தார் என்றால் அவருக்கு வாய்த்திருந்தது பணம் மட்டுமல்ல. ஆள் அறியும் திறன், நிதானம், நாவடக்கம் எல்லாம் வாய்த்திருக்க வேண்டும்.

சரி, கொடைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் அவருடைய கொடையில் முதலிடம் மோதிரத்துக்கு இல்லை, சோற்றுக்குத்தான்.

17ஆம் நூற்றாண்டின் கடைசியும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கமும் இந்தக் கரைக்குக் கொடிய காலம். போர்கள் ஒருபுறம், மழை பொய்த்தது மறுபுறம். கிழவன் சேதுபதியின் இறுதி நாட்களில், 1709ஐ ஒட்டி, வறட்சியும் அதன்பின் புயலும் வெள்ளமும் சீமையை எப்படிச் சிதைத்தன என்று ஏசு சபைத் துறவிகளின் கடிதங்கள் விவரிக்கின்றன. சீதக்காதி காலத்துப் பஞ்சத்தைப் பற்றிப் படிக்காசுப் புலவர் பாடிய பாட்டுத்தான் அவருடைய கொடைக்கு நமக்குக் கிடைத்திருக்கும் தலைசிறந்த சான்று. தராசின் ஒரு தட்டில் பொன்னையும் மறுதட்டில் நெல்லையும் வைத்து எடைக்கு எடை விற்ற பஞ்சத்தில், யார் கைவிரித்தாலும் தான் கைவிரிக்காமல் அன்னதானத்துக்கு மார்தட்டி நின்றவர் என்பது அதன் பொருள்.

அந்தப் பாட்டைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் பலர். அதில் உள்ள பொருளாதாரத்தை நின்று யோசித்தவர்கள் குறைவு. கண்மாய் வற்றிவிட்ட சீமைக்கு நெல் எந்த வழியாக வரும்? மாட்டு வண்டியில் வர வேண்டுமானால் பக்கத்துச் சீமையிலும் பஞ்சம், வழியெல்லாம் கொள்ளை, மாட்டுக்கும் தீனி கிடையாது. கடல் வழியாகத்தான் வர முடியும். தஞ்சைக் கரையிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ தோணியில் ஏற்றித்தான் கொண்டுவர முடியும். ஆக, தோணி வைத்திருப்பவன் கையில்தான் அன்று ஊரின் உயிர் இருந்தது. பொன்னுக்கு நெல் என்ற விலை யாருக்குக் கிடைத்திருக்கும்? நெல்லை இறக்குமதி செய்யும் கப்பல் வணிகனுக்கு. சீதக்காதி அந்த வணிகர். தன் வாழ்நாளிலேயே பெரிய லாபம் வாசல் தேடி வந்து நின்ற நேரத்தில் அவர் உலை வைத்துச் சோறு போட்டார். மிஞ்சியதைத் தூக்கிக் கொடுக்கிற பணக்காரர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. தன் தொழிலின் நடு நெஞ்சிலிருந்து, விலை உச்சியில் இருக்கும்போது, சரக்கையே எடுத்துக் கொடுப்பது வேறு தரம். படிக்காசுப் புலவர் தராசைக் காட்டித் தொடங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வணிகர் எதைத் துறந்தார் என்று புலவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

படிக்காசுப் புலவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்டை மண்டலத்துக்காரர், சைவர், தருமபுர ஆதீனத்தோடு தொடர்புடையவர். அப்படிப்பட்டவர் ஒரு முஸ்லிம் வள்ளலை வாயார, மனமாரப் பாடியிருக்கிறார். பணத்துக்காகப் பாடினார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பணத்துக்குப் பாடும் பாட்டு உயிரோடு இருப்பவர்மேல்தான் வரும். சீதக்காதி இறந்தபின் எழுந்த கையறுநிலைப் பாட்டில், இந்தச் சீமான் இறந்த அன்றே புலமையும் செத்துவிட்டது என்ற குரல் கேட்கிறது. அதில் கேட்பது இழப்பு. அவரைப் பற்றிய நொண்டி நாடகம் ஒன்றும் உண்டு. திருட்டுத் தொழிலில் கைகால் இழந்த ஒருவன் சீதக்காதியின் ஆதரவைப் பெற்று, மெக்காவுக்குப் போய், இழந்த உறுப்புகளைத் திரும்பப் பெறுவதாகக் கதை. கள்வனுக்கும் அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது என்று மக்கள் அவரைப் பற்றி நினைத்திருக்கிறார்கள் என்பதே அதில் எனக்குப் பிடித்த செய்தி.

அவர் செய்த இன்னொரு பெரிய காரியம் கல்விக்கு. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வந்து தங்கிய பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பா, சீதக்காதிக்கு ஞானாசிரியர். அரபு மொழியில் புலமை மிக்கவர், 1703இல் மறைந்தவர். அவரைப் போன்ற ஓர் அறிஞர் கீழக்கரையில் நிலைத்ததற்கும், அந்த ஊர் அரபுக் கல்விக்கும் தமிழுக்கும் ஒருசேர இடமானதற்கும் சீதக்காதியின் ஆதரவு பெரிய காரணம். கீழக்கரைப் பெரிய ஜும்மா பள்ளிவாசலைக் கட்டியவர் அவரே என்பது ஊர் வழக்கு. கல்தூண்களும் போதிகைகளும் வரிசையாக நிற்கும் அந்த மண்டபம் திராவிடக் கட்டடக் கலையின் கைவண்ணம். கோயில் மண்டபம் எழுப்பிய அதே மரபுத் தச்சர்களின் உளி அங்கேயும் பேசியிருக்கிறது. கலை வரலாறு படிக்கிறவர்கள் ராமேசுவரம் பிராகாரத்தைப் பார்த்த கையோடு திரும்பிவிடாமல், ராமநாதபுரத்திலிருந்து அரை மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் இந்தப் பள்ளிவாசலையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தொழுகை நேரம் தவிர்த்து, பள்ளியில் பொறுப்பில் இருப்பவர்களிடம் அனுமதி கேட்டுப் போவது மரியாதை. சீதக்காதியின் அடக்கத்தலமும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது.

ஔரங்கசீப் அவரை வங்காளத்துக்கு ஆளுநராக அனுப்பினார், அந்த நாடு பிடிக்காமல் அவர் திரும்பிவந்துவிட்டார் என்றொரு செய்தியைப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். அதை நான் வரலாறாக எடுத்துக்கொள்வதில்லை. சதக்கத்துல்லா அப்பாவின் புகழ் டெல்லி வரை எட்டியது என்ற மரபும், இந்தக் கரைச் சங்கு ஆண்டுதோறும் வங்காளம் போய்க்கொண்டிருந்த உண்மையும் சேர்ந்து அந்தக் கதையை வளர்த்திருக்கும் என்பது என் எண்ணம். அவருடைய பெருமைக்கு டெல்லியின் சான்றிதழ் தேவையே இல்லை.

இப்போது அந்தக் கை. நெடுந்தொலைவிலிருந்து பரிசில் நாடி வந்த புலவர், வள்ளல் இறந்து அடக்கம் ஆகிவிட்டார் என்று கேட்டுக் கலங்கி, அடக்கத்தலத்தின் முன் நின்று பாடினார். மண் பிளந்து மோதிரம் அணிந்த கை வெளியே நீண்டது. புலவர் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டார். இது நாம் எல்லோரும் கேட்ட கதை. வந்தவர் படிக்காசுப் புலவர் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். இதற்கு இன்னொரு வடிவமும் வழங்குகிறது: தான் இறந்தபின் புலவர் தேடிவந்தால் இன்ன மோதிரத்தை அவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தார், அவர்களும் கொடுத்தார்கள் என்பது. நான் இரண்டாவதைத்தான் விரும்புகிறேன். அற்புதம் நடக்காது என்று வாதாட வரவில்லை. சாகப்போகிற ஒருவர், சொத்துப் பங்கையும் கடன் பாக்கியையும் பேச வேண்டிய படுக்கையில், வரலாமோ வராமலிருக்கலாமோ என்றிருக்கும் ஒரு புலவரை நினைத்து ஏற்பாடு செய்திருக்கிறார் என்றால், அது என்னை அதிகமாகத் தொடுகிறது. வாக்கைக் காப்பாற்றிய வீட்டாரையும் அந்த வடிவம் நினைவில் வைத்திருக்கிறது.

செத்தும் கொடுத்தார் என்பதற்கு மறுக்க முடியாத சான்று வேண்டுமானால் சீறாப்புராணத்தைக் காட்டுவேன். நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாகப் பாட வேண்டும் என்று உமறுப் புலவரைத் தூண்டியவர் சீதக்காதி. உமறு எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். தமிழ் அவருக்குக் கைவந்தது. ஆனால் நபிகளின் வரலாறு அரபு நூல்களில் இருந்தது. அதற்காகச் சீதக்காதி அவரைச் சதக்கத்துல்லா அப்பாவிடம் அனுப்பினார். உமறுவின் கோலம் இஸ்லாமிய அறிஞருக்குரியதாக இல்லை என்று அப்பா முதலில் தயங்கினார் என்றும், பிறகு மனமிரங்கிப் பரங்கிப்பேட்டையில் இருந்த மாமு நெய்னா லெப்பையிடம் செய்திகளைக் கேட்டுக்கொள்ள வழி செய்தார் என்றும் மரபு கூறுகிறது. பணம் கொடுத்துப் பாடச் சொல்வது எளிது. புலவருக்கு எது தெரியாதோ அதைக் கண்டறிந்து, அதைத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, புலமையை உள்ளிருந்து புரிந்துகொண்டவரால் மட்டுமே முடியும்.

காப்பியம் முடிவதற்குள் சீதக்காதி மறைந்துவிட்டார். வேலை நின்றுபோயிருக்கலாம். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து உமறுவை ஆதரித்தார். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்று மூன்று காண்டங்களாக, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களாக அது வளர்ந்தது. கம்பர் சடையப்ப வள்ளலைப் பாடியதுபோல் உமறு அபுல் காசிமைக் காப்பியத்தின் நடுநடுவே புகழ்ந்து பாடியிருக்கிறார். தொடங்கி வைத்தவரின் பெயரைவிட முடித்துவைத்தவரின் பெயர் நூலுக்குள் ஓங்கி ஒலிக்கிறது. அதற்காகச் சிலர் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு வருத்தமில்லை. சீதக்காதி ஏற்றிவைத்த பழக்கம் அவரோடு அடங்கவில்லை, நூறு கல்லுக்கும் அப்பாலுள்ள இன்னொரு துறைமுகத்து வணிகர் அதை எடுத்துக்கொண்டார் என்பது அதில் தெரிகிறது.

அந்தப் பழக்கம் இன்றும் கீழக்கரையில் இருக்கிறது. வெளிநாடு போய்ச் சம்பாதித்து ஊரில் பள்ளிக்கூடமும் கல்லூரியும் கட்டுவது அங்கே ஒரு மரபு. அந்த ஊரில் 1927இல் பிறந்த தொழிலதிபர் பி.எஸ். அப்துர் ரகுமான் தன் அறக்கட்டளைக்குச் சீதக்காதியின் பெயரைத்தான் வைத்தார். 1988இல் கீழக்கரையில் தொடங்கிய தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி அந்த அறக்கட்டளையின் கொடை. சுற்று வட்டாரத்து மீனவக் குடும்பங்களிலிருந்தும் சம்சாரிக் குடும்பங்களிலிருந்தும் பெண்கள் அங்கே வந்து படிக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு இனி ஒரு வேண்டுகோளைச் சேர்த்துக்கொள்கிறேன். சீதக்காதியைப் பற்றித் தமிழில் உள்ளவை பாட்டும் மரபுச் செய்தியும்தான் பெரும்பாலும். அவருடைய கப்பல்களையும் சரக்குகளையும் சச்சரவுகளையும் நாள் குறித்து எழுதி வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். அந்த ஏடுகள் நெதர்லாந்தில் ஹேக் நகரிலும் கொழும்பிலும் இருக்கின்றன. டச்சுக் கால ஆவணங்கள் சென்னை ஆவணக் காப்பகத்திலும் உண்டு. அவற்றைத் தொட்ட ஆய்வாளர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள். அவர்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். தந்தை யார், மகன் யார், எந்த ஆண்டு எந்தத் தோணியில் எவ்வளவு நெல் வந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கேதான் கிடைக்கும். ராமநாதபுரம் பக்கத்துக் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் மாணவ மாணவியரில் யாராவது ஒருவர் பழைய டச்சு மொழியைக் கற்றுக்கொண்டு அந்தக் கட்டுகளை அவிழ்க்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் அதற்கு உதவித்தொகை தர வேண்டும். அப்படிப் படிக்க விரும்பும் ஒருவர் இதை வாசித்தால், படிக்காசுப் புலவரின் அந்தப் பஞ்சப் பாட்டை முதலில் எடுத்துக்கொண்டு, 1680களிலிருந்து 1710 வரை இந்தத் துறைமுகங்களில் நெல் இறங்கிய கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.